ஒரு சோறு பதமா?

லண்டனில் இப்போது மாலை. டொராண்டோவில் இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். சிட்னியில் இருப்பவர்கள் இன்னும் சரியாக விழித்திருக்க மாட்டீர்கள். எங்கிருந்து கேட்டாலும் நன்றி.

இலக்கியக் கூட்டத்தில் புள்ளியியலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பழமொழியிலிருந்து தொடங்குகிறேன். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.’ நம் பாட்டிகள் அடுப்படியில் நின்று செய்ததைத்தான் புள்ளியியல்காரர்கள் ‘மாதிரி எடுத்தல்’ என்கிறார்கள். ஆனால் பாட்டி அந்த ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கும் முன்பு அகப்பையால் கிண்டியிருப்பார். பானையில் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. மனிதர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. ஒரு சிலரை அளந்து ஒரு கூட்டத்தைப் பற்றியே தீர்ப்புச் சொல்லும்போது பானையைக் கிண்டினார்களா, பருக்கையை எங்கிருந்து எடுத்தார்கள், இன்னொரு பருக்கையை எடுத்திருந்தால் பதம் மாறியிருக்குமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியின் வரலாறுதான் இன்று என் பேச்சு. அதன் பெரும்பகுதி நான் வாழும் இந்த ஊரில் நடந்தது.

1884ஆம் ஆண்டு. தென் கென்சிங்டனில், இன்று அறிவியல் அருங்காட்சியகமும் இம்பீரியல் கல்லூரியும் இருக்கும் வட்டாரத்தில், சர்வதேச சுகாதாரக் கண்காட்சி நடக்கிறது. அதில் 36 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஒரு தடுப்பு. மூன்று பென்ஸ் கொடுத்து ஒரு பக்கமாக உள்ளே போனால் உயரம், எடை, கைகளின் வீச்சு, பிடியின் பலம், மூச்சின் கொள்ளளவு, பார்வை, செவிப்புலன் என்று வரிசையாக அளந்து, ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்து, மறுபக்கமாக வெளியே அனுப்புவார்கள். அட்டையின் நகல் அங்கேயே தங்கிவிடும். இப்படி 9,337 பேரை அளந்தார்கள். இவர்கள் பணம் கொடுத்துத் தங்களை அளக்கக் கொடுத்தவர்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அதை நடத்தியவர் பிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். அதே ஆண்டில் அவர் இன்னொன்றும் செய்தார். குடும்ப விவரங்களை எழுதி அனுப்புவோருக்கு மொத்தம் 500 பவுண்ட் பரிசு என்று அறிவித்தார். வந்து சேர்ந்த விவரங்களிலிருந்து 205 பெற்றோர் இணைகளையும், வளர்ந்த அவர்களுடைய 928 பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்துக்குச் சமமாக்கினார். தாய் தந்தை இருவரின் சராசரியை ஒரு பக்கமும், பிள்ளைகளின் உயரத்தை இன்னொரு பக்கமும் வைத்து அட்டவணை போட்டார். 1886இல் கட்டுரை வெளிவந்தது.

அவர் கண்டது இதுதான். பெற்றோர் பொதுச் சராசரியைவிட 3 அங்குலம் உயரம் என்றால், அவர்களுடைய பிள்ளைகள் சராசரியாக 2 அங்குலம்தான் கூடுதல். குட்டையான பெற்றோருக்கும் அப்படியே, பிள்ளைகள் சராசரியை நோக்கிக் கொஞ்சம் மேலேறி வருகிறார்கள். இந்தத் திரும்புதலுக்கு அவர் வைத்த பெயர் ‘ரிக்ரெஷன்’. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதைத் ‘தொடர்புப் போக்கு’ என்று படித்திருப்போம். இலங்கையில் உயர்தரம் படித்தவர்கள் ‘பிற்செலவு’ என்று படித்திருப்பீர்கள். எனக்கு இரண்டாவது சொல் பிடிக்கும். ‘செலவு’ என்றால் பழந்தமிழில் போதல், பயணம். பின்னோக்கிப் போவது பிற்செலவு. கால்டன் அட்டவணையில் கண்ட காட்சியே அந்தச் சொல்லில் இருக்கிறது. இன்றைக்கு அதையே பயன்படுத்துகிறேன்.

இந்தப் பிற்செலவை நாம் எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறோம், பெயர்தான் வேறு. பிள்ளை ஒரு தேர்வில் 98 வாங்குகிறான். ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறோம். அடுத்த தேர்வில் 84. ‘கண் பட்டுவிட்டது’ என்கிறோம், ‘நாவூறு’ என்கிறோம். மிளகாய் சுற்றி அடுப்பில் போடுகிறோம். அதற்கடுத்த தேர்வில் கொஞ்சம் ஏறுகிறது, மிளகாய் வேலை செய்துவிட்டது! உண்மையில் அந்த 98இல் பிள்ளையின் திறமையும் இருந்தது, அன்றைய அதிர்ஷ்டமும் இருந்தது. திறமை அடுத்த முறையும் கூட வரும். அதிர்ஷ்டம் வரவேண்டிய கட்டாயமில்லை.

கால்டனுடைய அட்டவணையில் இன்னொரு புதிர். அதை மறுபக்கமிருந்து படித்தால், சராசரியைவிட 3 அங்குலம் உயரமான பிள்ளைகளின் பெற்றோர் சராசரியாக 1 அங்குலம்தான் கூடுதல். இந்தத் திசையிலும் திரும்புதல் இருக்கிறது. பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு இரத்தம் பின்னோக்கிப் பாய்வதில்லையே! இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பு முழுமையாக இல்லாதவரை இந்த இழுப்பு எங்கும் தோன்றும். உயரத்திலும் தோன்றும், மதிப்பெண்ணிலும் தோன்றும், வியாபார லாபத்திலும் தோன்றும்.

புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமான ஒரு கோடு போடும் கணக்கு கால்டனுக்கு முன்பே இருந்தது. 1805இல் லெஜாந்தர் வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட அதை வெளியிட்டார். 1809இல் காஸ் அதற்கு நிகழ்தகவின் அடிப்படை கொடுத்தார். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை வர்க்கமாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி கோட்டை வைப்பது. வானியலில் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையிலான மிச்சம் என்பது பார்த்தவர் கண்ணில் ஏற்பட்ட பிழை. நட்சத்திரம் தன் பாதையில் சரியாகத்தான் போகிறது. ஆனால் அதே கணக்கை மனிதர்களுக்குக் கொண்டுவந்தபோது, அந்த மிச்சம் பிழை இல்லை. அதுதான் அந்த மனிதர். கோடு சொல்வது அவர் பிறந்த கூட்டத்தின் சராசரியை. அவர் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதில்தான் அவர் இருக்கிறார்.

கால்டன் அதைப் பார்த்தார் என்று சொல்ல முடியவில்லை. ‘யூஜெனிக்ஸ்’, அதாவது நல்ல பிறப்புகளைப் பெருக்கி மற்றவற்றைக் குறைக்கும் இனமேம்பாட்டியல் என்ற சொல்லை 1883இல் உருவாக்கியவரும் அவரே. 1911இல் இறந்தபோது அதற்கென ஒரு பேராசிரியர் இருக்கை அமைக்க லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பணம் எழுதி வைத்தார். கவர் தெருவில் இருக்கிறதே, அந்தக் கல்லூரிதான். இருக்கையில் முதலில் அமர்ந்தவர் கார்ல் பியர்சன். அதே ஆண்டில் அங்கே தொடங்கிய துறைதான் உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறை. நான் அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். இன்று மருந்து சோதிப்பவரும் வானிலை சொல்பவரும் வங்கியில் கடன் கணக்குப் பார்ப்பவரும் பயன்படுத்தும் கருவி, மனிதர்களைத் தரம் பிரிக்கும் ஆசையோடு ஒரே வீட்டில் வளர்ந்தது.

ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே எதிர்க்குரல்களும் இருந்தன. இரண்டு பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் ஜார்ஜ் உட்னி யூல், பியர்சனிடம் உதவியாளராக இருந்தவர். 1899இல் இங்கிலாந்தின் வறியோர் நிவாரணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் வறியவர்களுக்கு இரண்டு வழிகளில் உதவி. ஒன்று, ஒர்க்ஹவுஸ் என்ற விடுதிக்குள் போய் அடைபட வேண்டும். மற்றது, தம் வீட்டில் இருந்தபடியே கொஞ்சம் பணமோ ரொட்டியோ பெறலாம். வீட்டில் உதவி கொடுப்பதால் வறுமை கூடுகிறதா என்று அரசியல் சண்டை. வயதானவர்களின் விகிதம், மக்கள்தொகை மாற்றம் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்து யூல் கணக்கிட்டார். சமூகக் கேள்வி ஒன்றுக்குப் பல காரணிகளோடு பிற்செலவைப் பயன்படுத்திய முதல் முயற்சிகளில் அது ஒன்று. உதவி கொடுக்கும் முறை மாறியதற்கும் வறியோர் எண்ணிக்கை மாறியதற்கும் வலுவான தொடர்பு இருப்பதாக முடிவு வந்தது. அப்படி எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார். கறாராகச் சொன்னால், ‘இதனால்’ என்று நான் எழுதிய இடத்தில் ‘இதோடு சேர்ந்து’ என்று படித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில். ஒரு கிழவியின் ரொட்டியை நிறுத்தலாமா என்ற கேள்வி அந்த இரண்டு சொற்களுக்கிடையே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அடிக்குறிப்பில் போட்டது அவருடைய நேர்மையா, தயக்கமா என்று எனக்கு இன்னும் முடிவு செய்யத் தெரியவில்லை.

இரண்டாமவர் ஆலிஸ் லீ. பெட்ஃபோர்ட் கல்லூரியில் படித்தவர். பெரிய மண்டை என்றால் பெரிய அறிவு, பெண்ணின் மண்டை சிறியது, ஆகவே பெண் அறிவில் குறைந்தவள் என்று விஞ்ஞானிகள் எழுதிக்கொண்டிருந்த காலம். தலையின் வெளி அளவுகளிலிருந்து மண்டையின் கொள்ளளவை மதிப்பிட, பிற்செலவைக் கொண்டே லீ சூத்திரம் அமைத்தார். 1898இல் டப்ளினில் உடற்கூறியல் அறிஞர்களின் கூட்டத்துக்கு வந்திருந்த 35 பேரின் தலைகளும் அளக்கப்பட்டன. அவர்களை வரிசைப்படுத்திப் பெயரோடு வெளியிட்டார். மிகப் புகழ்பெற்ற அறிஞர்களில் ஒருவரான பாசெல் நகரத்துக் கொல்மன், பட்டியலின் கடைசியில் இருந்தார்! மண்டை அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. தரம் பிரிக்கச் செய்த அளவுகோலை, பிரிப்பவர்களின் தலையிலேயே வைத்துக் காட்டினார். லண்டன் பல்கலைக்கழகம் அந்த ஆய்வுக்கு அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது.

இதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர்தான் பியர்சன், லீயை ஆதரித்தவரும் அவரே. அப்படியிருந்தும் 1925இல் அவர் தொடங்கிய இனமேம்பாட்டியல் ஆய்விதழின் முதல் கட்டுரையில் என்ன வந்தது தெரியுமா? மார்கரெட் மோல் என்பவரோடு சேர்ந்து பியர்சன் எழுதியது அது. கிழக்கு லண்டனில் இருந்த யூத இலவசப் பள்ளியின் பிள்ளைகளை ஆராய்ந்தது. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் உடலையும் அறிவையும் அளந்து, பக்கம் பக்கமாக அட்டவணைகள். இந்தக் குடியேறிகள் உள்ளூர் மக்களைவிடச் சராசரியில் உடலாலும் அறிவாலும் சற்றே குறைந்தவர்கள் என்பது முடிவு. ஆகவே இப்படிப்பட்ட குடியேற்றம் நாட்டுக்கு நல்லதா என்பது கேள்வி.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வேறு நாட்டிலிருந்து ஓடிவந்தவர்கள், வேறு மொழி பேசுபவர்கள், நெருக்கடியான தெருக்களில் வாழ்பவர்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலரும் அந்தப் பள்ளி வாசலில் நின்றிருக்கக்கூடியவர்களே, ஆண்டு மட்டும்தான் வேறு. கூட்டல் கழித்தல் தவறி வந்த முடிவு அல்ல அது. ஒரே ஒரு பள்ளியிலிருந்து எடுத்த பருக்கை, ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும், இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் பதமாக வைக்கப்பட்டது. அங்கேதான் கோளாறு. இரண்டு கூட்டத்தின் சராசரிகளுக்கிடையே இருந்த சிறு வேறுபாட்டைவிட, ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பிள்ளைக்குப் பிள்ளை இருந்த வேறுபாடு பெரிது. அந்த மிச்சத்தைத் தள்ளிவிட்டால் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள்.

இன்னொரு பருக்கையை எடுத்துப் பார் என்பதை ஒரு முறையாகவே மாற்றிய ஓர் இடத்துக்கு இப்போது போகலாம். அது லண்டன் அல்ல, வங்காளத்துச் சணல் வயல். ஆனால் அங்கே போகும் வழி பியர்சனின் வீட்டிலிருந்தே தொடங்குகிறது.

1915இல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் முடித்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், ஊர் திரும்பும் கப்பல் தாமதமானதால் கிங்ஸ் கல்லூரி நூலகத்தில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பேராசிரியர் அவருக்கு ‘பயோமெட்ரிகா’ என்ற இதழைக் காட்டினார். கால்டனும் பியர்சனும் வெல்டனும் 1901இல் தொடங்கிய இதழ். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றி, வழியெல்லாம் படித்துக்கொண்டே போனார். 1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது.

1937 முதல் அவருக்கு ஒரு பெரிய வேலை. வங்காளம் முழுதும் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வயலையும் எண்ண முடியாது. ஆகவே வரைபடத்தில் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து ஆட்களை அனுப்பினார். ஆனால் அனுப்பிய ஆள் வயலுக்குப் போனாரா, மரத்தடியில் உட்கார்ந்து எழுதினாரா? மகலனோபிஸ் கண்ட வழி எளிமையானது. ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு மாதிரிகள் எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுக்களை அனுப்பினார். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஆனால் ஒரு குழுவுக்கு மற்றதன் விடை தெரியாது. இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகினால், எவ்வளவு விலகுகின்றன என்பதே நம் அறியாமையின் அளவு. விடையோடு சேர்த்து, அந்த விடை எவ்வளவு ஆடும் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்றாகிவிட்டது. பின்னாளில் புள்ளியியலாளர் பீட்டர் ஹால், பூட்ஸ்ட்ராப் என்ற நவீன முறைக்கு முன்னோடிகளைத் தேடி எழுதியபோது மகலனோபிஸின் பெயரை முன்வைத்தார்.

லண்டனிலும் இதே எண்ணம் வேறு வழிகளில் வளர்ந்தது. டார்வின் வளர்த்த 15 சோடி மக்காச்சோளச் செடிகளின் உயரங்களை முன்பு கால்டன் ஆராய்ந்திருந்தார். 1933இல் கால்டன் இருக்கைக்கு வந்த ரொனால்ட் ஃபிஷர், 1935இல் அதே எண்களை மீண்டும் எடுத்தார். ஒவ்வொரு சோடியிலும் செடிகள் இடம் மாறியிருந்தால் என்ன ஆகும்? மொத்தம் 32,768 சாத்தியங்கள். அவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 5இல்தான் டார்வின் கண்ட அளவு வேறுபாடு வரும் என்று காட்டினார். கையில் இருந்த எண்களையே குலுக்கி, அவற்றிடமே பதில் கேட்டார். இனமேம்பாட்டுக் கொள்கையை அவரும் விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு மாரிஸ் கெனுயி என்பவர் 1949இலும், அதே பயோமெட்ரிகாவில் 1956இலும், ஒவ்வொரு பகுதியாக விட்டுவிட்டு மீண்டும் கணக்கிடும் முறையை எழுதினார். அமெரிக்காவில் ஜான் டூக்கி அதற்கு ‘ஜாக்நைஃப்’, அதாவது மடக்குக் கத்தி, என்று பெயரிட்டார். 1979இல் பிராட்லி எஃப்ரான் ‘பூட்ஸ்ட்ராப்’ முறையைக் கொண்டுவந்தார்.

பூட்ஸ்ட்ராப்பை விளக்க நமக்கு உத்திரமேரூரே போதும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. கால்டனின் 205 குடும்பங்களை 205 ஓலைகளில் எழுதிக் குடத்தில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, மறுபடி குடத்திலேயே போட்டுவிடுங்கள். 205 முறை இப்படி எடுத்தால் சில குடும்பங்கள் இரண்டு மூன்று முறை வரும், சில வராமலே போகும். வந்தவற்றுக்குக் கோடு போடுங்கள். இதையே ஆயிரம் முறை செய்தால் ஆயிரம் கோடுகள். அவை ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தால் முடிவு உறுதி. விசிறி போல விரிந்தால் வாயை மூடிக்கொள்வது நல்லது. கையால் செய்ய ஆயுள் போதாது. கணினி கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும்.

ஓலையில் குடும்பத்தைத்தான் எழுத வேண்டும், பிள்ளையை அல்ல. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், 928 பிள்ளைகளைத் தனித்தனி ஓலையாக எழுதினால் நமக்கு இருப்பதைவிட அதிகம் தெரிந்ததாகத் தோன்றும். குடும்பங்களைக் குலுக்கினால் விசிறி இன்னும் விரியும். இது கற்பனை விளையாட்டு அல்ல. குடும்பம் குடும்பமாக எழுதப்பட்ட கால்டனின் குறிப்பேடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆவணங்களில் இருக்கிறது. ஜேம்ஸ் ஹான்லி என்ற புள்ளியியலாளர் அந்த எண்களைத் தேடி எடுத்து 2004இல் பொதுவில் வைத்தார். உங்களில் விருப்பமுள்ளவர்கள் இன்றிரவே குலுக்கிப் பார்க்கலாம்.

ஆனால் குடத்துக்கு ஒரு எல்லை உண்டு. எத்தனை முறை குலுக்கினாலும், போடாத ஓலை வராது. பரிசுக்காக எழுதி அனுப்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்த, வசதியுள்ள குடும்பங்கள். ஒர்க்ஹவுஸில் இருந்தவர்களின் ஓலை அந்தக் குடத்தில் கிடையாது. யூதப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் ஆயிரம் முறை குலுக்கினாலும், அவர்கள் வேறு தெருவில், வேறு சாப்பாட்டில் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பார்கள் என்று எந்தக் கணினியும் சொல்லாது. குடத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று மனிதர்தான் கேட்க வேண்டும்.

2020 ஜூனில் அந்தக் கல்லூரி, கால்டன், பியர்சன் பெயர்களைத் தன் அரங்குகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் எடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் இனமேம்பாட்டியலில் தனக்கிருந்த பங்குக்காக மன்னிப்பும் கேட்டது. சரியான செயல்தான். ஆனால் பெயர்ப்பலகையைக் கழற்றினால் கோடு அழியாது, அழிய வேண்டியதும் இல்லை. அதைக் கொண்டே ஆலிஸ் லீ வாதாடினார்.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் 2021 கணக்கெடுப்புப் படிவத்தில் இனம் என்ற கேள்விக்குக் கீழே ‘தமிழர்’ என்று கட்டம் இல்லை. மதுரைக்காரர் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் அடையாளமிடுவார். பருத்தித்துறைக்காரர் பெரும்பாலும் ‘பிற ஆசியர்’ என்ற கட்டத்துக்குப் போவார். ஒரே கோயிலில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இரண்டு சராசரிகளுக்குள் போய்விடுகிறார்கள். அடுத்த முறை ‘இந்தச் சமூகத்துப் பிள்ளைகள் படிப்பில் இப்படி’, ‘அந்தச் சமூகத்துக்கு இந்த நோய் அதிகம்’ என்று பத்திரிகையில் ஒரு கோட்டைப் பார்க்கும்போது, அது நம்மைப் புகழ்ந்தாலும் சரி, இகழ்ந்தாலும் சரி, குடத்தில் யாருடைய ஓலைகள் இருந்தன, இன்னொரு முறை எடுத்தால் இதே விடை வருமா என்று கேளுங்கள். நம்மைப் புகழும் கோட்டிடம் இதைக் கேட்பதுதான் கடினம். பிள்ளை 98 வாங்கிய அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.